மலையகத்துப் பனியில் ஒரு பேஸ் கிட்டார்: இதமான ஒலிக்கு எந்தக் கம்பி?

ஹட்டன், டிக்கோயா, மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கம் இசைக்குழுக்களில் பேஸ் கிட்டார் வாசிக்கும் தம்பிமாரோடு கதைத்தால் இரண்டு குறைகள் தவறாமல் வரும். "சத்தம் கம்பி மாதிரியே கிணுகிணுங்குது அண்ணே, பாட்டுல கேக்குற மாதிரி உருண்டு வருதில்ல" என்பது ஒன்று. "புதுக் கம்பி போட்டு மூணு மாசம் ஆகல்ல, அதுக்குள்ள துரு" என்பது மற்றது. எழுதுவது என் தொழில். திருவிழாக் காலங்களில் நானும் ஊர்க் குழுவொன்றில் பேஸ் வாசிக்கிறேன். இந்த இரண்டு குறைகளுக்கும் பெரும்பாலும் ஒரே விடைதான் என்பது என் அனுபவம். அந்த விடையையும், அதற்குக் காசு செலவழிக்க முன்னர் பார்க்க வேண்டியவற்றையும் இங்கே தொகுத்துத் தருகிறேன்.

இதமான ஒலி என்றால் என்ன?

நான்கு கம்பி பேஸ் கிட்டாரில் மிகத் தடித்த கம்பி செக்கனுக்கு ஏறத்தாழ 41 தடவை அதிர்கிறது. ஆனால் நம் காதுக்கு வருவது அந்த ஒரு அதிர்வு மட்டுமல்ல. 82, 124, 165 என்று அதன் மடங்குகளும் கூடவே ஒலிக்கின்றன. மேல் மடங்குகள் பலமாக இருந்தால் ஒலி கூர்மையாக, பளிச்சென்று கேட்கும். அவை விரைவில் அடங்கினால் அடித்தளம் மட்டும் நின்று ஒலி கனமாக, உருண்டு வரும். இசைக்காரர்கள் 'வார்ம்' என்று சொல்வது இதைத்தான்.

நம் மேடைகளுக்கு இது ஏன் தேவை? தப்பின் அடி கூர்மையானது. ட்ரம்ஸின் தட்டுகளும் கீபோர்டும் பாடகரின் குரலும் மேல் பகுதியை நிரப்பிவிடுகின்றன. அதே இடத்தில் பேஸும் கிணுகிணுத்தால் எல்லாம் ஒன்றோடொன்று மோதும். பேஸ் கீழே இறங்கி நின்றால்தான் தப்புக்கு இடம் கிடைக்கும்.

சுற்றைப் பாருங்கள்

பேஸ் கம்பி ஒரே உலோக இழை அல்ல. நடுவில் உருக்கு இழையும், அதைச் சுற்றி இன்னொரு கம்பியும் இருக்கும். ஒலியின் குணத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அந்தச் சுற்றுத்தான்.

ரவுண்ட்வவுண்ட்: வட்டமான கம்பியால் சுற்றியது. தடவினால் மேடு பள்ளம் தெரியும். ஒலி பளிச்சென்று இருக்கும், நீண்டு நிற்கும். விரலை நகர்த்தும்போது கீச்சென்ற சத்தம் வரும். கடைகளில் அதிகம் கிடைப்பதும், புதுக் கிட்டாரோடு பெரும்பாலும் வருவதும் இதுதான்.

பிளாட்வவுண்ட்: தட்டையான நாடா போன்ற கம்பியால் சுற்றியது. கண்ணாடி போல் வழவழப்பாக இருக்கும். மேல் மடங்குகள் குறைவு. ஒலி உருண்டு வந்து விரைவில் அடங்கும். ஃபிரெட்டுகளையும் அதிகம் தேய்க்காது.

ஹாஃப்ரவுண்ட்: வட்டக் கம்பியால் சுற்றிய பின் மேற்பரப்பை அரைத்து மழுப்பியது. ஒலியும் இரண்டுக்கும் நடுவே நிற்கும்.

டேப்வவுண்ட்: உலோகச் சுற்றுக்கு மேல் நைலோன் நாடா சுற்றியது. பெரும்பாலும் கறுப்பு நிறம். நின்றுகொண்டு வாசிக்கும் பெரிய டபுள் பேஸின் சாயல் இதில் உண்டு.

ஃபெண்டர் நிறுவனம் 1951இல் பிரிசிஷன் பேஸை அறிமுகப்படுத்தியபோது பிளாட்வவுண்ட்தான் வழக்கம். லண்டனில் ரோட்டோசவுண்ட் நிறுவனமும் 'த ஹூ' குழுவின் ஜோன் என்ட்விஸலும் சேர்ந்து 1960களில் உருவாக்கிய ரவுண்ட்வவுண்ட் கம்பிகளே பளிச்சென்ற ஒலியைப் பரவலாக்கின. மறுபக்கத்தில் மோட்டவுன் பாடல்களுக்கு பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், லா பெல்லா நிறுவனத்தின் தடித்த பிளாட்வவுண்ட் கம்பிகளைப் பாவித்தார். அறுந்தால் ஒழிய அவர் கம்பி மாற்றுவதில்லை என்பது இசைக்காரர்களிடையே பிரசித்தம்.

உலோகமும் தடிப்பும்

சுற்று ரவுண்ட்வவுண்டாகவே இருந்தாலும் உலோகத்தை மாற்றி ஒலியைக் கொஞ்சம் இறக்கலாம். துருப்பிடிக்காத உருக்கு மிகவும் பளிச்சென்றது. நிக்கல் பூசிய உருக்கு நடுத்தரம். சுத்த நிக்கல் இதமானது. பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து வாங்குங்கள். 'நிக்கல் பூசியது' வேறு, 'சுத்த நிக்கல்' வேறு.

தடிப்பை அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறிப்பார்கள். 45 முதல் 105 வரையான தொகுதி பொதுவானது. தடிப்புக் கூடினால் ஒலி கனக்கும், விரலுக்கு வேலையும் கூடும். பொதுவான தொகுதியின் நான்கு கம்பிகளும் சேர்ந்து ஏறத்தாழ 75 கிலோ பாரத்துக்குச் சமமான விசையோடு கிட்டாரின் கழுத்தை இழுக்கின்றன. ஒரே தடிப்பில் பிளாட்வவுண்ட் பெரும்பாலும் இன்னும் இறுக்கமானது. வியன்னாவின் தோமாஸ்டிக் நிறுவனத்து ஜாஸ் பிளாட்ஸ் போன்றவை இதற்கு விலக்கு. பழைய கிட்டாரின் கழுத்து ஏற்கெனவே வளைந்திருந்தால் தடித்த தொகுதியைத் தவிர்ப்பது நல்லது.

பனியும் துருவும்

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. மழையும் மூடுபனியும் இல்லாத வாரம் அரிது. ஈரம் ஏறி லயன் சுவர்கள் கசியும் காலத்தில் உருக்குக் கம்பி என்ன பாடுபடும் என்று சொல்லத் தேவையில்லை. ரவுண்ட்வவுண்டின் பள்ளங்களில் விரலின் வியர்வையும் அழுக்கும் தங்குகின்றன. முதலில் பளிச்சென்ற ஒலி போகும், பிறகு துரு வரும். பிளாட்வவுண்டில் அவை தங்க அவ்வளவு இடமில்லை. ஒரு துடைப்பில் போய்விடும். அதனால்தான் அது வருடக்கணக்கில் நிற்கிறது.

தப்பை நெருப்பில் காட்டிச் சூடேற்றுவது நமக்குப் பழக்கம். ஈரத்தில் தளர்ந்த தோல் சூட்டில் இறுகும். உலோகக் கம்பி இதற்கு நேரெதிர். குளிரில் சுருங்கிச் சுருதி ஏறும், மேடை விளக்கின் சூட்டில் நீண்டு சுருதி இறங்கும். எனவே மேடைக்குக் கொண்டுவந்து சிறிது நேரம் வைத்த பின் சுருதி சேருங்கள்.

வாசித்து முடிந்ததும் காய்ந்த பருத்தித் துணியால் கம்பியைத் துடைப்பது, கிட்டாரைச் சுவரில் சாய்த்து வைக்காமல் உறைக்குள் வைப்பது, சப்பாத்துப் பெட்டியோடு வரும் ஈரம் உறிஞ்சும் சிறிய பொதிகளை உறைக்குள் போடுவது ஆகிய மூன்றும் செலவில்லாதவை.

கணக்குப் பார்ப்போம்

வெளிநாட்டில் சாதாரண ரவுண்ட்வவுண்ட் தொகுதி 20 டொலருக்கு மேல், பிளாட்வவுண்ட் 40 டொலருக்கு மேல். ஒரு டொலர் 300 ரூபா என்று வைத்தால் ஒன்று 6,000 ரூபா, மற்றது 12,000 ரூபா. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் நீண்ட போராட்டத்தின் பின் 2021இல் 1,000 ரூபாவுக்கும், 2024இல் 1,350 ரூபாவுக்கும் வந்தது. அந்தச் சம்பளத்தில் முதலாவது நாலரை நாள் உழைப்பு. இரண்டாவது ஒன்பது நாள் உழைப்பு. அதுவும் அனுப்பும் செலவும் வரியும் சேராமல். அம்மா கொழுந்து பறித்த காசில் கம்பி வாங்கும் பிள்ளைக்கு இது சின்ன விடயமல்ல.

ஆனாலும் துருவினால் வருடத்துக்கு ஒரு தடவை ரவுண்ட்வவுண்ட் மாற்ற வேண்டியிருந்தால், இரண்டாம் வருடத்திலேயே இரண்டு செலவும் சமமாகிவிடும். அதற்குப் பிறகு பிளாட்வவுண்ட் இலாபம்.

வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் இதை வாசிப்பவர்களுக்கு, இருப்பதை வைத்துச் சமாளிப்பதை நான் சொல்லித்தரத் தேவையில்லை. பற்றரிக்குத் தடை இருந்த காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டவர்கள் நீங்கள். 1977, 1983 வன்செயல்களுக்குப் பின் இங்கிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்க் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளுக்கும் இதே கணக்குப் பொருந்தும். அங்கே கம்பியைத் தின்பது பனியல்ல, வியர்வை. கரையோரத்தில் உப்புக் காற்று.

வாங்க முன்னர்

முதலில் கிட்டாரிலுள்ள டோன் குமிழைக் குறையுங்கள். பாலத்தருகே மீட்டாமல் கழுத்துப் பக்கமாக மீட்டுங்கள். பாலத்தையொட்டிக் கம்பிகளுக்குக் கீழே ஒரு துண்டு ஸ்பொஞ்சைச் செருகிப் பாருங்கள். கம்பி விரைவில் அடங்கி, பழைய பாடல்களின் சாயல் வரும். வாசித்துப் பழசான ரவுண்ட்வவுண்டும் தானாகவே இதமாகிவிடும். துரு இல்லையென்றால் அதைக் கழற்றாதீர்கள். பழைய கம்பியைக் கொதிநீரில் போட்டெடுப்பது பளிச்சென்ற ஒலியை மீட்கும் வழி. இதம் தேடுபவருக்கு அது எதிர்வேலை.

அடுத்து, எந்த ஒலிபெருக்கியில் வாசிக்கப்போகிறீர்கள் என்று பாருங்கள். கோயிலில் கூம்பு ஒலிபெருக்கி மட்டும் கட்டியிருந்தால் அது பேஸின் அடிநாதத்தைத் தரவே தராது. அங்கே மேல் மடங்குகளால்தான் பேஸ் ஓரளவாவது கேட்கும். பிளாட்வவுண்ட் போட்டால் அதுவும் காணாமல் போகும். பெரிய பெட்டி ஸ்பீக்கர்கள் உள்ள மேடைக்குத்தான் இதமான கம்பி பொருந்தும். இரண்டு விதமான மேடையிலும் வாசிப்பவர் சுத்த நிக்கல் ரவுண்ட்வவுண்டையோ ஹாஃப்ரவுண்டையோ தெரிவு செய்யலாம்.

மாட்டும்போது

பெரும்பாலான பேஸ்களில் கம்பியின் அதிரும் நீளம் 34 அங்குலம். சிலவற்றில் 30. அளந்து பார்த்து அதற்குரிய தொகுதியையே வாங்குங்கள். கம்பிகளை ஒவ்வொன்றாக மாற்றினால் கழுத்து திடீரென்று தளராது. பிளாட்வவுண்டை முதலில் மடக்கிவிட்டுப் பிறகுதான் வெட்ட வேண்டும். நேராக வெட்டினால் சுற்று அவிழ்ந்து நழுவக்கூடும். உடலுக்குள்ளால் கோர்க்கும் கிட்டார்களுக்குப் பல நிறுவனங்கள் பிளாட்வவுண்டைப் பரிந்துரைப்பதில்லை. கம்பி நட்டின் பள்ளத்தில் சரியாக உட்காருகிறதா, 12ஆம் ஃபிரெட்டில் சுருதி ஒத்துவருகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

செலவைக் குறைக்க வேண்டும் என்று வரும்போது பேஸைக் கைவிட்டு, கீபோர்டின் இடது கையால் அந்த வேலையைச் செய்விக்கும் குழுக்கள் இப்போது கூடிவருகின்றன. கம்பி துருப்பிடித்து மூலையில் கிடக்கும் கிட்டார் அந்த முடிவை இலகுவாக்கிவிடுகிறது. உங்கள் குழுவில் அப்படியொன்று கிடந்தால், ஸ்பொஞ்சுத் துண்டிலிருந்து தொடங்குங்கள். ஒலி பிடித்திருந்தால், நான்கைந்து பேர் காசு சேர்த்து ஒரு பிளாட்வவுண்ட் தொகுதி வாங்குங்கள். அடுத்த சில தேர்த் திருவிழாக்களுக்கு அது போதும்.