சீருடையைக் கழற்றிவிட்டு ஊர் திரும்பியவர்

செப்டம்பர் 11 அன்று பரமக்குடி நினைவிடத்தில் பல்லாயிரக்கணக்கான மக்கள் திரள்கிறார்கள். இங்கே நெமிலிச்சேரியில் அந்த நாள் பெரும்பாலும் சத்தமில்லாமல் கடந்து போகிறது. தியாகி இம்மானுவேல் சேகரனாரைப் பற்றிப் பேச்செடுத்தால் தம்பி, தங்கைகள் கேட்பது ஒன்றுதான்: "அவர் தென்மாவட்டத்துத் தலைவர், தேவேந்திரர். நமக்கும் அவருக்கும் என்ன?" கேட்பவர்கள் மேல் நமக்குக் கோபமில்லை. சுவரொட்டி அப்படித்தான் அச்சாகிறது. ஒரு சாதிக்குள் அடைத்து, மீசையும் வாளும் வரைந்து, ஒருவரை இவ்வளவு சிறியவராக்க முடியும் என்பதற்கு அந்தச் சுவரொட்டிகளே சாட்சி.

ஆனால் அவர் கதை நம் பகுதிக்கு அந்நியமானதல்ல. இரண்டாம் உலகப் போர்க்காலத்திலிருந்தே ஆவடி ராணுவத்தின் ஊர். எச்.வி.எஃப்-இல் டாங்கி செய்தவர்களும், ஓ.சி.எஃப்-இல் சிப்பாய்களுக்குச் சீருடை தைத்தவர்களும் பட்டாபிராமிலிருந்து திருநின்றவூர் வரை தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். ராணுவத்தில் இருந்துவிட்டு வந்த தாத்தா இல்லாத குடியிருப்பு இந்தப் பக்கம் குறைவு. சேகரனாரும் அப்படி வந்தவர்தான். திருமணமானவர், நான்கு பெண் பிள்ளைகளின் அப்பா, ராணுவத்திலிருந்து ஊர் திரும்பியவர். அந்த மனிதரைத்தான் இங்கே நினைவுகூர விரும்புகிறோம்.

1924 அக்டோபர் 9 அன்று, அன்றைய இராமநாதபுரம் மாவட்டம் முதுகுளத்தூர் வட்டத்துச் செல்லூரில் பிறந்தார். அப்பா வேதநாயகம் பள்ளி ஆசிரியர். சேகரனாருக்கு ஆறு வயது நடந்துகொண்டிருந்த 1930 டிசம்பரில், அதே மாவட்டத்தில் கள்ளர் சாதியினர் ஒடுக்கப்பட்ட மக்கள் மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். ஜே.எச். ஹட்டன் தன் நூலில் பதிவு செய்திருக்கும் அந்தப் பட்டியலை ஒவ்வொரு மாணவரும் ஒருமுறையாவது படிக்க வேண்டும். தங்கம், வெள்ளி நகை அணியக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் துணி உடுத்தக் கூடாது. சட்டை, பனியன் கூடாது. முடியை கிராப்பு வெட்டக் கூடாது. வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது. பெண்கள் மேலுடம்பை மறைக்கக் கூடாது, பூவோ மஞ்சளோ கூடாது. குடை பிடிக்கக் கூடாது, செருப்பு போடக் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன. மறு ஆண்டு தடைகள் பதினொன்றாயின. பிள்ளைகள் படிக்கக் கூடாது, மாடு மேய்க்க மட்டுமே போக வேண்டும் என்பதும் அவற்றில் அடக்கம். இதெல்லாம் செல்லூர்த் தெருவிலேயே நடந்தது என்று நாம் சொல்லவில்லை. அந்த மாவட்டத்தின் காற்று அப்படி இருந்தது என்கிறோம்.

இந்தப் பட்டியலுக்குப் பக்கத்தில் ஒரு சிப்பாயை நிறுத்திப் பாருங்கள். சட்டை, கால்சட்டை, பூட்ஸ், கிராப்பு. தடை செய்த அத்தனையும் ராணுவத்தில் கட்டாயம்!

1942 வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் கலந்துகொண்டு பதினெட்டு வயதில் சிறை சென்ற சேகரனார், 1945-இல் ராணுவத்தில் சேர்ந்தார். ஒடுக்கப்பட்டவர்களுக்கு ராணுவம் எப்போதும் திறந்தே இருந்த கதவல்ல. கம்பெனி காலத்து மதராஸ் படையில் பறையர்கள் கணிசமாக இருந்தார்கள். பிறகு 'போர்க்குடிகள்' என்ற கற்பனையை வைத்து ஆங்கிலேயர்கள் அவர்களை ஒதுக்கினார்கள். மகர்களைச் சேர்ப்பது 1892-இல் நிறுத்தப்பட்டது. அண்ணல் அம்பேத்கரின் அப்பா ராம்ஜி சுபேதாராக இருந்தவர். அந்த வேலையும் அந்தப் படைப்பள்ளியும் ஒரு குடும்பத்துக்கு என்ன கொடுத்தன என்பதை அண்ணலே அறிவார். மகர் படைப்பிரிவு உருவானது 1941-இல், போருக்கு ஆள் தேவைப்பட்டபோது. தேவைப்பட்டால் வீரன், தேவை தீர்ந்தால் தீண்டத்தகாதவன்.

1946-இல் அமிர்தம் கிரேஸ் அவர்களை மணந்தார். 1950-களின் தொடக்கத்தில் ராணுவத்தை விட்டு ஊர் திரும்பினார். படித்தவர், பல மொழி தெரிந்தவர். நிம்மதியாக ஒரு வேலையைத் தேடிக்கொண்டு பிள்ளைகளை வளர்த்திருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் டீக்கடையில் அதே இரட்டைக் குவளை காத்திருந்தது. நாட்டுக்குத் துப்பாக்கி ஏந்திய கைக்கும் தனிக் குவளைதான்.

அவர் கட்டியது ஒடுக்கப்பட்டோர் இயக்கம். பெயரைக் கவனியுங்கள் தோழர்களே. 'நமக்கு என்ன' என்ற கேள்விக்குப் பதில் அதிலேயே இருக்கிறது. ஊர் ஊராகப் போனார், இரட்டைக் குவளைக்கு எதிராக மாநாடு கூட்டினார், தாக்கப்பட்ட கிராமங்களுக்கு முதல் ஆளாகப் போய் நின்றார், வழக்குக்கு உதவினார். மேடையை விட இந்த அலைச்சல்தான் அவரை மக்களுக்குப் பிரியமானவராக்கியது என்பது எங்கள் கருத்து. கட்சி என்று பார்த்தால் அவர் காங்கிரஸ்காரர். 1955 ஜனவரியில் அதே காங்கிரஸ், நம் ஆவடியில் மாநாடு கூட்டி 'சோசலிச பாணி சமுதாயம்' என்று தீர்மானம் போட்டது. முதுகுளத்தூர் டீக்கடை வரை அந்தத் தீர்மானம் போய்ச் சேரவில்லை.

1957 பொதுத்தேர்தலில் முத்துராமலிங்கத் தேவர் நாடாளுமன்றம், சட்டமன்றம் இரண்டிலும் வென்றார். சட்டமன்ற இடத்தை அவர் விட்டுக்கொடுக்க, ஜூலையில் இடைத்தேர்தல் வந்தது. அதையொட்டி மோதல்கள் பெருகின. செப்டம்பர் 10 அன்று மாவட்ட ஆட்சியர் முதுகுளத்தூரில் அமைதிக் கூட்டம் கூட்டினார். தேவரும் வந்திருந்த அந்த அவையில் சேகரனார் தன் மக்களின் பிரதிநிதியாகச் சமமாக அமர்ந்து பேசினார். பலருக்கு உறுத்தியது அந்தச் சமம்தான். மறுநாள், பாரதி நினைவு நாளன்று, இரவு பரமக்குடியில் அவரை வெட்டிக் கொன்றார்கள். அப்போது வயது 32.

அதன்பின் முதுகுளத்தூர் வட்டாரம் எரிந்தது. கீழத்தூவலில் காவல்துறை சுட்டதில் மறவர் ஐவர் செத்தார்கள். அவர்களும் ஏழைகள்தான், அதையும் நாம் மறைக்கத் தேவையில்லை. கொலை வழக்கில் முதல் குற்றவாளியாகச் சேர்க்கப்பட்ட தேவரை 1959-இல் நீதிமன்றம் விடுவித்தது.

வழக்கைப் பற்றி எழுதப்பட்ட பக்கங்களுக்குக் கணக்கில்லை. அமிர்தம் கிரேஸ் பற்றி எத்தனை பக்கம் படித்திருக்கிறோம்? 1946-இல் திருமணம் என்றால், 1957-இல் மூத்த மகளுக்கே பத்து வயதுக்கு மேல் இருந்திருக்க முடியாது. இளம் வயதில் நான்கு பெண் பிள்ளைகளோடு தனியாக நின்றவர் அவர். நம் இயக்க வரலாற்றில் 'தியாகி' என்ற சொல் ஆணின் பெயருக்கு முன்னால் மட்டுமே வருவது எங்களுக்கு நீண்ட நாள் உறுத்தல்.

2010 அக்டோபர் 9 அன்று இந்திய அரசு சேகரனாருக்கு ஐந்து ரூபாய் அஞ்சல் தலை வெளியிட்டது. ஓராண்டு முடிவதற்குள், 2011 செப்டம்பர் 11 அன்று, அவருக்கு அஞ்சலி செலுத்தத் திரண்ட நாளில் பரமக்குடியில் காவல்துறை சுட்டு தலித் மக்களைக் கொன்றது.

இந்த ஆண்டு நெமிலிச்சேரியில் படத்துக்கு மாலை போடுவதோடு ஒரு வேலையும் செய்வோம். உங்கள் தெருவில் ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்ற தாத்தா இருந்தால் போய் உட்காருங்கள். முதல் விடுமுறையில் சீருடையோடு சொந்த ஊர் டீக்கடைக்குப் போனபோது என்ன நடந்தது என்று கேளுங்கள். பாட்டியிடம் தனியாகக் கேளுங்கள், அவர் எல்லையில் இருந்த காலத்தில் வீட்டை எப்படி ஓட்டினார் என்று. போனில் பதிவு செய்தாலும் சரி, நோட்டில் எழுதினாலும் சரி. ஊர் பெயரையும் வருடத்தையும் குறிக்க மறக்காதீர்கள்.