பெயரை மீட்டுத் தந்த பீரங்கி

மும்பை, கொல்கத்தா போன்ற துறைமுக நகரங்களில் குடியேறி வாழும் நம்மவருக்கு இழுவைக் கப்பல் புதிதன்று. பெருங்கப்பல்களைத் துறைமுகத்துக்குள் இழுத்து வருவதும், பொறியற்ற சரக்குப் படகுகளைக் கயிறு பூட்டிக் கொண்டு செல்வதும் அதன் தொழில். உருவத்தில் சிறியது, ஆற்றலில் பெரியது. எனினும் கரையில் நிற்போர் கண்கள் இழுத்து வரப்படும் கப்பலையே நோக்கும். இழுத்து வருவதை எவரும் நோக்கார். அத்தகைய இழுவைக் கப்பல் ஒன்றின் வரலாற்றை இங்கே காண்போம்.

‘கானெஸ்டோகா’ என்பது அதன் பெயர். அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் 1904 ஆம் ஆண்டு கட்டப்பெற்ற அது, 170 அடி நீளமுடையது. ஃபிலடெல்ஃபியா - ரீடிங் இரயில்வே நிறுவனத்துக்குச் சொந்தமாக இருந்து, நிலக்கரி ஏற்றிய படகுகளை இழுத்துச் சென்றது. கரியும் புகையும் அன்றிப் போரின் வாசனையை அது அறியாது.

முதல் உலகப் போரில் அமெரிக்கா 1917 ஏப்ரலில் இறங்கியது. படையிலிருந்த கலங்கள் போதாமையால், குடிமக்களின் கப்பல்களும் தேவைப்பட்டன. அவ்வாண்டு செப்டம்பரில் கானெஸ்டோகாவைக் கடற்படை விலைக்கு வாங்கியது. நவம்பர் 10 ஆம் நாள் அது படைப்பணியில் சேர்ந்தது. பீரங்கி தாங்கிய கப்பலாயினும் அதன் தொழில் பெரிதும் மாறவில்லை. அட்லாண்டிக் கரையோரம் கப்பல்களை இழுத்தது, படைத்தளவாடங்களைச் சுமந்தது, பெர்முடாவுக்கும் அசோர்ஸ் தீவுகளுக்கும் சென்ற கப்பற்கூட்டங்களுக்குக் காவலாக உடன் சென்றது. போர் 1918 நவம்பரில் ஓய்ந்தது. போர் முடிந்ததும் பழைய உரிமையாளரிடம் அது திரும்பவில்லை. நார்ஃபோக் துறைமுகத்தில் கடற்படையின் இழுவைக் கப்பலாகவே நீடித்தது.

பசிபிக் மாகடலில் உள்ள அமெரிக்க சமோவாவில் பணியாற்றுமாறு 1920 இல் அதற்கு ஆணை பிறந்தது. மறு ஆண்டு மார்ச் 25 ஆம் நாள் பிற்பகல், சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் வாயிலாகிய கோல்டன் கேட்டைக் கடந்து, ஹவாயின் பேர்ல் ஹார்பரை நோக்கிப் புறப்பட்டது. கப்பலில் இருந்தோர் 56 பேர். அன்று மணிக்கு 23 மைல் வேகத்தில் வீசிய காற்று 40 மைலாக வலுத்தது. புயலோடு போராடுவதாகவும், தான் இழுத்துச் சென்ற படகு அலைகளால் அறுந்து போனதாகவும் கானெஸ்டோகா விடுத்த தெளிவற்ற வானொலிச் செய்தி ஒன்று, வேறொரு கப்பலின் வாயிலாகப் பின்னரே தெரியவந்தது. இறுதிப் பொழுதிலும் அது தன் தொழிலையே செய்துகொண்டிருந்தது!

கப்பல் ஹவாய் போய்ச் சேரவில்லை. 60 கப்பல்களும் பல விமானங்களும் 3 இலட்சம் சதுர மைலுக்கும் மேற்பட்ட கடற்பரப்பைத் துழாவின. மே 17 ஆம் நாள், மெக்சிகோவின் மான்சனியோ துறைமுகத்துக்கு மேற்கே 650 மைல் தொலைவில், முகப்பில் ‘சி’ என்னும் எழுத்துப் பொறித்த உயிர்காப்புப் படகு ஒன்று ஆளின்றி மிதந்ததை ஒரு வணிகக் கப்பல் கண்டது. கானெஸ்டோகாவின் முதலெழுத்தும் அதுவே. ஆதலின் தேடுவோர் கவனம் அத்திசையில் திரும்பியது. ஒன்றும் அகப்படவில்லை. ஜூன் 30 ஆம் நாள், 56 பேரும் மாண்டனர் எனக் கடற்படை அறிவித்தது.

மாண்டனர் என்பது செய்தி. எங்கே, எவ்வாறு என்பதற்கு விடையில்லை. பொருள் தேடியோ, பணியின் பொருட்டோ ஊரைவிட்டுச் சென்றவரின் கடிதத்துக்காகக் காத்திருந்த வீடுகளை நாம் அறிவோம். கடிதம் நின்ற பின்னும், நின்ற காரணம் தெரியாத வீட்டின் துயரம் எத்தகையது! மாலுமிகளின் பெற்றோரும் மனைவியரும் அத்துயரோடே வாழ்ந்து மறைந்தனர்.

2009 இல், சான் பிரான்சிஸ்கோவுக்கு மேற்கே சுமார் 30 மைல் தொலைவிலுள்ள ஃபாரலான் தீவுகளுக்கு அருகே, கடலடி அளவாய்வின்போது ஒலியலைக் கருவி ஒரு கப்பலின் வடிவத்தைக் காட்டியது. அது 189 அடி ஆழத்தில் கிடந்தது. எவருடைய கப்பல் என்று தெரியவில்லை. பின்னர் ஆராய்ந்தோர், கடலுயிர்கள் போர்த்தியிருந்த அச்சிதைவின் முன்தளத்தில் மூன்று அங்குலப் பீரங்கி ஒன்றைக் கண்டனர். இழுவைக் கப்பலின் உடல், போர்க்கப்பலின் பீரங்கி! இவ்விரண்டும் ஒருங்கே பொருந்தியது கானெஸ்டோகாவுக்கே. 2016 மார்ச் 23 ஆம் நாள் உலகுக்கு அச்செய்தி அறிவிக்கப்பட்டது. 95 ஆண்டுகள் நிறைவதற்கு இரண்டே நாள்கள் இருந்தன.

பல்லாயிரம் சதுர மைல் தேடியும் காணாத கப்பல், புறப்பட்ட துறைமுகத்துக்கு அருகிலேயே கிடந்தது. புயலுக்கு அஞ்சி அத்தீவின் ஒரு குடாவில் ஒதுங்க முயன்று மூழ்கியிருக்கலாம் என ஆய்வாளர் கருதுகின்றனர்.

கரி இழுத்த கப்பலைப் படைக்கு அழைத்ததன் அடையாளம் பீரங்கி. அழைத்த நாடு மறந்திருக்கலாம், அப்பீரங்கி மறக்கவில்லை. கப்பலின் பெயரையும் 56 பேரின் கல்லறையையும் அதுவே காட்டிக் கொடுத்தது. இன்று அவ்விடம், எவரும் கலைக்கக் கூடாத படைவீரர் துயிலிடமாகச் சட்டத்தால் காக்கப்படுகிறது. குடிகளிடமிருந்து எளியதொரு கலத்தைக் கேட்டுப் பெறும் நாடு, அதில் சென்றவர் எங்கே துயில்கின்றனர் என்று அவர்தம் வீட்டாருக்குச் சொல்லக் கடமைப்பட்டது. அக்கடன் 95 ஆண்டு கழித்துத் தீர்ந்தது. பெற்றுக்கொள்ள வேண்டிய தாய்மார்தாம் அப்போது இல்லை.