மாதம் முப்பது நாளும் யாருடைய நாள்?

வட அமெரிக்காவில் முதியோர் பராமரிப்பு இல்லமொன்றினுள் நுழைபவரின் கண்ணில் முதலிற் படுவது பெரும்பாலும் ஒரு மாத நாட்காட்டிதான். சுவரில் பெரிதாகத் தொங்கும். நாளுக்கு ஒரு கட்டம். கட்டத்துக்கு இரண்டு மூன்று வரிகள். காலை பத்து மணிக்கு நாற்காலியில் அமர்ந்தபடி உடற்பயிற்சி, பிற்பகல் இரண்டு மணிக்குப் பிங்கோ, செவ்வாயன்று சிகை திருத்தல், ஞாயிறன்று ஆராதனை, மாதக் கடைசியில் அந்த மாதத்தில் பிறந்தோர் அனைவருக்குமாக ஒரே கேக். பார்க்க வந்த பிள்ளைகள் 'அம்மாவுக்குப் பொழுது போகிறது' என்ற நிம்மதியோடு திரும்புவதற்கு இந்தக் கட்டங்கள் பெரிதும் உதவுகின்றன. அம்மாவுக்கு உண்மையிலேயே பொழுது போகிறதா என்பது வேறு கேள்வி. அந்தக் கேள்விக்கு ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகால வரலாறு உண்டு.

முதலில் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. கொழும்பில் 'நேர்சிங் ஹோம்' என்றால் தனியார் வைத்தியசாலை என்றே எங்கள் தலைமுறை விளங்கிக்கொண்டது. பிள்ளைப்பேற்றுக்கும் குடல்வளரிச் சத்திர சிகிச்சைக்கும் போய், ஒரு வாரத்தில் வீடு திரும்பும் இடம் அது. மேற்கில் அச்சொல் குறிப்பது, பெரும்பாலானோர் வீடு திரும்பாத இடத்தை. புலம்பெயர்ந்த பிள்ளைகள் தொலைபேசியில் இச்சொல்லைச் சொல்லும்போது ஊரிலிருப்பவர்கள் 'எப்போது துண்டு வெட்டுவார்கள்?' என்று கேட்பது இதனால்தான்.

கதை இங்கிலாந்தின் ஏழையர் விடுதிகளில் தொடங்குகிறது. 1834 ஆம் ஆண்டின் ஏழையர் சட்டத் திருத்தம் வறியோருக்கான உதவியை இயன்றவரை விடுதியின் மதிலுக்குள்ளேயே வழங்க விரும்பியது. உள்ளே வாழ்வது வெளியே வாழ்வதைவிடக் கடினமாயிருக்க வேண்டும், அப்போதுதான் சோம்பேறிகள் வரமாட்டார்கள் என்பது அதன் தத்துவம். உடல் வலுவுள்ளவர்களுக்குக் கல்லுடைப்பதும் பழைய கப்பற்கயிற்றை நார்நாராகப் பிரிப்பதும் வேலை. கணவனும் மனைவியும் வெவ்வேறு பிரிவுகளில் வைக்கப்பட்டனர். அறுபது வயதைத் தாண்டிய தம்பதியர் விரும்பினால் ஓர் அறையைக் கேட்டுப் பெறலாம் என்று 1847 இல் சட்டம் இடமளித்தது. நடைமுறையில் அந்த அறை கிடைத்தவர் சிலரே. வேலை செய்ய இயலாத முதியோர் சுவரோரத்து வாங்குகளில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு நாட்காட்டி தேவைப்படவில்லை; எல்லா நாளும் ஒரே நாளாக இருந்தது.

இந்த வாங்குகளைப் பார்த்து ஏதாவது செய்ய வேண்டுமென்று நினைத்த முதல் ஆட்களில் ஒருவர் பிரபேசன் சீமாட்டி. பின்னாளில் மீத் பிரபுவின் மனைவி என அறியப்பட்டவர். 1880 களின் தொடக்கத்தில் அவர் வகுத்த திட்டம் எளிமையானது. விடுதியின் வழக்கமான வேலைகளைச் செய்ய முடியாத முதியோருக்கும் நோயாளருக்கும் பின்னல், தையல், சரிகை வேலை முதலியவற்றைத் தன்னார்வப் பெண்கள் வந்து கற்றுக்கொடுப்பார்கள். ஆரம்ப மூலப்பொருட்களுக்கான பணத்தைச் சீமாட்டி கொடுப்பார். செய்த பொருட்களை விற்று, வரும் பணத்தில் அடுத்த சுற்றுக்கு நூலும் துணியும் வாங்கப்படும். இலண்டன் கென்சிங்டன் விடுதியில் தொடங்கிய இது, பின்னர் நாட்டின் பல விடுதிகளுக்குப் பரவியது.

இதை ஒரு பிரபுகுலப் பெண்மணியின் பொழுதுபோக்குத் தருமம் என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த முதியவர் பின்னிய காலுறையை வெளியே யாரோ ஒருவர் காசு கொடுத்து வாங்கினார். அவர் செய்தது பொழுதைப் போக்கும் காரியமாக மட்டும் இருக்கவில்லை. இன்னொருவருக்குத் தேவையான பொருளாகவும் இருந்தது. பிற்காலத்து நாட்காட்டிகளின் பல கட்டங்களில் இல்லாதது இதுதான். பிங்கோவில் வென்றவருக்கு ஒரு வாழைப்பழமோ சொக்கலேற்றோ கிடைக்கும். அவர் வென்றதனால் உலகில் எவருக்கும் எந்தப் பயனுமில்லை.

1948 ஆம் ஆண்டின் தேசிய உதவிச் சட்டம் ஏழையர் சட்டத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தது. அதைக் கொண்டுவந்த தொழிற்கட்சி அமைச்சர் அநுரின் பெவன், இனி முதியோர் இல்லத்தில் இருப்பவருக்கும் நடத்துபவருக்குமிடையிலான உறவு ஹோட்டல் விருந்தாளிக்கும் முகாமையாளருக்கும் இடையிலான உறவாக இருக்குமென்றார். பத்து ஆண்டுகள் கழிந்தன. பீற்றர் ரவுண்சென்ட் என்ற சமூகவியலாளர் இங்கிலாந்திலும் வேல்சிலுமாக 173 இல்லங்களுக்கு நேரில் சென்றார். கையோடு கமராவும் கொண்டு போனார். 1962 இல் அவர் வெளியிட்ட 'கடைசிப் புகலிடம்' என்ற பெரு நூல், பெவன் சொன்ன ஹோட்டலைத் தேடிப் போனவர் பழைய ஏழையர் விடுதிக் கட்டடங்களையே பல இடங்களிற் கண்ட கதை. பெயர்ப்பலகை மாறியிருந்தது. சுவரோர வரிசை மாறவில்லை.

அமெரிக்காவின் பாதை வேறு. 1935 ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தை எழுதியவர்கள் ஏழையர் விடுதிகளை வெறுத்தார்கள். ஆகவே அரசாங்க விடுதியில் வாழ்பவருக்கு முதியோர் உதவிப்பணம் கிடையாது என்று சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். நோக்கம் நல்லது. விளைவு, பணத்தைக் கையில் வைத்திருந்த, ஆனால் பராமரிக்க ஆளில்லாத முதியோரைத் தேடித் தனியார் தங்கு வீடுகள் முளைத்தன. அவற்றிற் பல ஒரு தாதியைச் சேர்த்துக்கொண்டு பராமரிப்பு இல்லங்களாயின. 1954 இல் வைத்தியசாலை கட்டுவதற்கான மத்திய அரசின் நிதி இலாபநோக்கற்ற பராமரிப்பு இல்லங்களுக்கும் நீட்டிக்கப்பட்டது. பணம் வைத்தியசாலைக் கணக்கிலிருந்து வந்தபடியால் கட்டடமும் வைத்தியசாலை போலவே வந்தது: நீண்ட நடை, நடுவில் தாதியர் மேசை, இருவருக்கு ஓர் அறை. 1965 இல் மெடிகெயார், மெடிகெய்ட் திட்டங்கள் வந்தபின் பணம் வெள்ளமாகப் பாய்ந்தது. வீடு என்ற எண்ணம் எங்கோ ஒதுங்கிவிட்டது.

இந்தச் சூழலில் 1976 இல் வெளிவந்த ஓர் ஆய்வு இன்றும் பேசப்படுகிறது. எலன் லாங்கர், ஜூடித் றொடின் என்ற இரு உளவியலாளர்கள் கனெக்ரிகட் மாநிலத்தின் ஆர்டன் ஹவுஸ் என்ற இல்லத்தில் அதை நடத்தினார்கள். ஒரு மாடியில் வசித்தோரைக் கூட்டி இல்லத்தின் நிர்வாகி ஓர் உரை நிகழ்த்தினார். உங்கள் அறையை எப்படி ஒழுங்கு செய்வதென்று நீங்களே தீர்மானியுங்கள். இதோ ஒரு சிறு செடி, விரும்பினால் எடுத்துக்கொண்டு நீங்களே பராமரியுங்கள். வாரத்தில் இரண்டு இரவு சினிமாப் படம் உண்டு, எந்த இரவென்று நீங்களே சொல்லுங்கள் என்பது அதன் சாரம். மற்ற மாடியினருக்கும் செடி கொடுக்கப்பட்டது, படமும் காட்டப்பட்டது. ஆனால் செடிக்குத் தாதி தண்ணீர் ஊற்றுவார். எந்த இரவில் படம் என்பதை இல்லம் அறிவிக்கும். வித்தியாசம் அவ்வளவே.

மூன்று வாரங்களின் பின் அளந்தபோது, முதல் மாடியினரில் 93 வீதமானோரிடம் முன்னேற்றம் காணப்பட்டது. மற்ற மாடியினரில் 71 வீதமானோர் மேலும் தளர்ந்திருந்தனர். பதினெட்டு மாதங்கள் கழித்துப் பார்த்தபோது முதற் குழுவின் 47 பேரில் 7 பேரும், மற்றக் குழுவின் 44 பேரில் 13 பேரும் இறந்திருந்தனர். இந்த இறப்புக் கணக்கு பத்திரிகைகளுக்குத் தலைப்பாக அமைந்தது. ஆனால் அந்த வேறுபாட்டின் புள்ளிவிபர வலிமை தாம் முதலில் கூறிய அளவுக்கு இல்லையென ஆய்வாளர்களே 1978 இல் திருத்தம் வெளியிட்டார்கள். தலைப்பு ஓடிய தூரத்துக்குத் திருத்தம் ஓடவில்லை என்பதைப் பத்திரிகைத் தொழிலில் இருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எனினும் செடியும் சினிமாவும் கற்பித்தது பொய்யாகிவிடவில்லை. நாட்காட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்பதைக் காட்டிலும் அதை எழுதிய கை யாருடையது என்பதே பெரிய விடயம்.

அதே 1976 இல் வந்த இன்னோர் ஆய்வு இவ்வளவு புகழ் பெறவில்லை. என்னை அதிகம் உலுக்கியது அதுதான். றிச்சர்ட் சூல்ஸ் என்பவர் முதியோர் இல்லமொன்றுக்குப் பல்கலைக்கழக மாணவர்களை அனுப்பினார். சில முதியோர் தம்மைப் பார்க்க மாணவர் எப்போது வரவேண்டும், எவ்வளவு நேரம் இருக்கவேண்டும் என்பதைத் தாமே தீர்மானித்தனர். சிலருக்கு வருகை முன்கூட்டியே அறிவிக்கப்பட்டது. சிலரிடம் மாணவர் திடீரெனப் போனார். சிலரிடம் எவரும் போகவில்லை. முதலிரு குழுவினரும் மற்றவர்களைவிடத் தெம்பாக இருந்தனர். இரண்டு மாதத்தில் ஆய்வு முடிந்தது, மாணவர்களும் போய்விட்டார்கள். பின்னர் 24, 30, 42 மாதங்களிற் பார்த்தபோது, அதிக நன்மை பெற்றிருந்த அந்த இரு குழுவினருமே கீழே சரிந்திருந்தனர். எவரும் போகாதவர்கள் இருந்த நிலையிலேயே இருந்தார்கள். கொடுத்துவிட்டுப் பறித்தது, கொடாமலே இருந்ததைவிடக் கேடாக முடிந்தது.

இதைப் படிக்கும்போது எம் நாட்டு முதியோர் இல்லங்களின் நாட்குறிப்பு நினைவுக்கு வராமற் போகாது. இலங்கையின் பல இல்லங்களில் மாதம் என்பது கொடையாளரின் பெயர்களால் ஆனது. இன்ன திகதி மதிய உணவு, இலண்டனில் வசிப்பவரின் தகப்பனாரது ஆண்டுத் திவசம். இன்ன திகதி இரவுணவு, கனடாவிற் பிறந்த பேரனின் முதலாவது பிறந்தநாள். சிங்களப் பகுதிகளில் இதுவே தானம் எனப்படுகிறது. சாப்பிட உட்கார்ந்திருக்கும் முதியோரைப் படமெடுத்து அனுப்பினால்தான் கொடுத்தவர் மனம் ஆறும். நான் இதைக் கேலி செய்யவில்லை. இந்தப் பணம் வராவிட்டால் பல இல்லங்களில் அடுப்பு எரியாது. ஆயினும் முப்பது நாளில் எந்த நாள் அங்கு வசிப்பவரின் நாள்? அவருடைய பிறந்தநாளை யார் குறித்து வைத்திருக்கிறார்கள்? அவருக்கும் செத்துப்போன கணவர் ஒருவர் இருந்திருப்பார்; அந்தத் திவசத்துக்கு அவர் என்ன சமைக்கச் சொல்வார்? ஒக்டோபர் 1 ஆம் திகதி சர்வதேச முதியோர் தினம். அன்று பாடசாலைப் பிள்ளைகள் வரிசையாக வந்து பாட்டுப் பாடி, பொட்டலம் கொடுத்துப் போவார்கள். மறுநாள் முதல் அடுத்த ஒக்டோபர் வரை அந்தப் பிள்ளைகளைக் காண முடியாது. சூல்ஸின் மாணவர்கள் இரண்டு மாதமாவது வந்தார்கள். எங்களிடம் 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. இல்லங்கள் பதிவு செய்யப்பட வேண்டுமென்கிறது. கைவிட்ட பிள்ளைகளிடம் பராமரிப்புக் கோரவும் வழி சொல்கிறது. இல்லத்தில் ஒரு சாதாரண புதன்கிழமை எப்படிக் கழியவேண்டும் என்பது சட்டத்தின் வேலையா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

அமெரிக்கர்கள் அது சட்டத்தின் வேலைதான் என்று முடிவுசெய்தார்கள். கட்டிலோடும் நாற்காலியோடும் முதியோரைக் கட்டிவைப்பதும் மயக்க மருந்து கொடுத்து அடக்குவதும் பரவலாகி, அவை பற்றிய விசாரணைகள் நாட்டை வெட்கப்பட வைத்த பின்னர், 1987 டிசெம்பரில் பராமரிப்பு இல்லச் சீர்திருத்தச் சட்டம் நிறைவேறியது. ஒவ்வொருவரின் விருப்பத்தையும் உடல் மன நிலையையும் மதிப்பிட்டு அதற்கேற்ற நிகழ்ச்சித்திட்டம் வகுக்க வேண்டும். அதை நடத்தத் தகுதியுள்ள ஒருவர் வேண்டும். வசிப்போர் தமக்கென ஒரு குழுவை அமைத்துக்கொள்ளலாம். இப்படி நாட்காட்டி ஓர் உரிமையின் அடையாளமாயிற்று. கூடவே, பரிசோதகர் வந்தால் காட்டவேண்டிய ஆவணமும் ஆயிற்று. கட்டம் நிரம்பியிருந்தாற் போதும் என்ற நிலை பல இடங்களில் உருவானதற்கு அது ஒரு காரணம்.

கனடாவின் ஒன்ராறியோ மாகாணம் 2010 இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த விதிகளில் பகல், மாலை, வார இறுதி மூன்றுக்கும் நிகழ்ச்சி அட்டவணை வேண்டுமென்று சொல்லப்பட்டது. இல்லத்தின் மொழி தெரியாதவர்களுடன் தொடர்புகொள்ள வழிவகை செய்ய வேண்டுமென்றும் எழுதப்பட்டது. எம்மவர் அதிகம் வாழும் மாகாணம் அது. ஆங்கிலத்தில் இலக்கம் கூவப்படும் பிங்கோ மேசையில், காது மந்தமான ஒரு தமிழ் ஆச்சி என்ன செய்வார் என்பதை நினைத்துப் பார்த்தால் அந்த விதியின் அருமை புரியும்.

நியூயோர்க் மாநிலத்தின் நியூ பெர்லின் என்ற சிற்றூரில், சேஸ் நினைவு இல்லத்தின் வைத்தியராக இருந்த பில் தோமஸ், 1991 இல் கட்டங்களை விட்டுவிட்டு வேறு திசையிற் போனார். தனிமை, கையறுநிலை, சலிப்பு ஆகிய மூன்றுமே இங்குள்ளோரைக் கொல்கின்றன என்றார். இரண்டு நாய்கள், நான்கு பூனைகள், நூறு கிளிகள் கொண்டுவரப்பட்டன. கிளிகள் வந்த நாளில் கூடுகள் வந்து சேரவில்லை. ஓர் அறைக்குள் அவற்றைப் பறக்கவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். ஊழியர்கள் தலையிற் கைவைத்தார்கள், வசிப்போர் கண்ணாடியூடாகப் பார்த்துச் சிரித்தார்கள். அதன்பின் கிளிக்கு இரை வைக்க வேண்டியிருந்தது, நாயை நடத்திக் கூட்டிப்போக வேண்டியிருந்தது. பிரபேசன் சீமாட்டியின் காலுறை நூறு ஆண்டு கழித்து இறகு முளைத்து வந்தது என்று சொல்லலாம்.

2020 மார்ச் 13 ஆம் திகதி, கொரோனாத் தொற்றுக் காரணமாக, அமெரிக்க மத்திய அரசு பராமரிப்பு இல்லங்களுக்கு ஓர் அறிவுறுத்தல் அனுப்பியது. மரணத் தறுவாயில் உள்ளோரைப் பார்ப்பது போன்ற சில விதிவிலக்குகள் தவிர, பார்வையாளர் எவரும் உள்ளே வரக்கூடாது. ஒன்றாக உண்பதும் எல்லாக் கூட்டு நிகழ்ச்சிகளும் நிறுத்தப்பட வேண்டும். சுவரில் அந்த மாதத்து நாட்காட்டி தொங்கியபடியே இருந்தது. பிள்ளைகள் வெளியே நின்று யன்னற் கண்ணாடியிற் கைவைத்துப் பேசினார்கள். சில இல்லங்களில் ஒவ்வொருவரையும் அவரவர் அறை வாசலில் நாற்காலி போட்டு இருத்தி, நடையின் நடுவில் நின்று ஒருவர் பிங்கோ இலக்கங்களை உரத்துக் கூவினார். அதுவரை அந்த விளையாட்டை எட்டியும் பாராதவர்கள்கூட அட்டை கேட்டு வாங்கினார்கள். எல்லோரும் எல்லா வேளையும் வந்து பார்க்கலாம் என்ற அனுமதி 2021 நவம்பர் 12 ஆம் திகதி வந்தது. அதற்கிடையில் பல கதவுகளில் பெயர் மாறியிருந்தது.