கொறடா

கொறடா என்பவர், நாடாளுமன்றத்திலும் சட்டமன்றங்களிலும் தம் கட்சி உறுப்பினர்கள் அவைக்கு வருவதையும் கட்சியின் முடிவுப்படி வாக்களிப்பதையும் உறுதிசெய்பவர். இப்பொறுப்பு பிரிட்டன் நாடாளுமன்ற மரபிலிருந்து இந்தியாவுக்கு வந்தது. இந்திய அரசியலமைப்பில் இப்பெயர் இடம்பெறவில்லை.

1985இல் 52ஆவது அரசியலமைப்புத் திருத்தம், கட்சித்தாவல் தடைச் சட்டம் எனப்படும் பத்தாவது அட்டவணையைச் சேர்த்தபின் கொறடாவின் ஆணைக்குச் சட்டவலிமை கிடைத்தது. முன்அனுமதியின்றி ஆணையை மீறி வாக்களித்தாலோ, வாக்களிக்காமல் ஒதுங்கினாலோ, கட்சி 15 நாட்களுக்குள் மன்னிக்காவிடில் உறுப்பினர் பதவியிழக்க நேரிடும். இதில் தீர்ப்பவர் அவைத்தலைவர்; அவர் முடிவை நீதிமன்றம் ஆராயலாம் என 1992இல் உச்ச நீதிமன்றம் கூறியது. ஒரு கட்சியின் அவை உறுப்பினர்களில் மூன்றிலொரு பங்கினர் பிரிந்தால் கிடைத்துவந்த விலக்கை 2003இல் 91ஆவது திருத்தம் நீக்கியது.

இச்சட்டத்தின்கீழ், தமிழ்நாட்டில் 2017இல், முதலமைச்சருக்கு அளித்த ஆதரவை விலக்கி ஆளுநரிடம் கடிதம் கொடுத்த அ.தி.மு.க. உறுப்பினர்கள் 18 பேர், அரசுக் கொறடாவின் புகாரின்பேரில் தகுதிநீக்கம் செய்யப்பட்டனர். 2018இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது.

கட்சித்தாவல் தடைச் சட்டம் பதவிக்காகக் கட்சி மாறுவதைக் கட்டுப்படுத்துகிறது. அதேவேளை, மசோதாக்கள்மீது முடிவெடுக்கும் அதிகாரத்தை மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினரிடமிருந்து கட்சித் தலைமைக்கு மாற்றிவிடுகிறது. அரசைக் கேள்வி கேட்கும் அவையின் கடமையும் தளர்கிறது. எனினும், குடியரசுத் தலைவர் தேர்தலில் கொறடா ஆணை பிறப்பிக்கப்படுவதில்லை.