களவெட்டியும் சந்தையும்

தன் உணவுக்காகப் பயிரிடுவது தன்தேவை வேளாண்மை, விற்பதற்காகப் பயிரிடுவது வணிக வேளாண்மை என்று பாடநூல்கள் வகுக்கின்றன. முன்னதற்கு நெல்லும் பின்னதற்குத் தேயிலையும் இறப்பரும் உதாரணங்களாகின்றன. கல்முனை, சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று வயல்களின் வரலாறோ இப்பிரிவினைக்கு அடங்குவதன்று. அங்கே இரு வகைக்கும் பயிர் ஒன்றே, அது நெல்.

முன்னாளில் போடியாரின் நிலத்தில் முல்லைக்காரன் உழைத்தான். சூடு மிதித்தபின் களவெட்டியிலே அவனுடைய கூலி நெல்லாக அளக்கப்பட்டது. அந்நெல் அவன் வீட்டு அடுப்புக்குப் போயிற்று; போடியாரின் மிகுதி நெல் சந்தைக்குப் போயிற்று. ஒரே வயலில் ஒருவனுக்குப் பிழைப்பு, மற்றவருக்கு வணிகம்! ஆகவே, பழைய தன்னிறைவைப் போற்றுவோர் அது யாருடைய நிறைவு என்பதையும் சொல்ல வேண்டும்.

1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைந்தது. இங்கினியாகலையில் ஆற்றை மறித்துக் கட்டிய சேனநாயக்க சமுத்திரத்தினால் சிறுபோகத்துக்கும் நீர் பெருகிற்று. பிலிப் குணவர்தனவின் 1958ஆம் ஆண்டு நெற்காணிச் சட்டம் குத்தகைக் கமக்காரனுக்குக் காப்பளிக்க முனைந்தது. கூலிக்கு உழைத்தவனுக்கு அது நிலம் தரவில்லை. அதே ஆண்டில் எச்-4 நெல்லினம் வந்தது. 1962இல் பசளை மானியம் வந்தது. விளைச்சல் உயர்ந்தது, பல வாய்களுக்குச் சோறு கிடைத்தது. இதைச் சிறிய சாதனை என்று நாம் கூறோம்.

ஆயினும் பசளை, கிருமிநாசினி, உழவு இயந்திரம் அனைத்துக்கும் பணம் வேண்டியதாயிற்று. பணம் கடனாக வந்தது. கடன்பட்டவன் அறுவடை நாளிலேயே, விலை தாழ்ந்திருக்கும்போதே, ஈர நெல்லை விற்கிறான். சேமிக்க இடமும் முதலும் உடைய ஆலைக்காரர் விலை ஏறும்வரை காத்திருக்கிறார். விளைவித்த குடும்பமே பின்னர் கடையில் அரிசி வாங்குகிறது. 1971இல் நிறுவப்பட்ட நெல் சந்தைப்படுத்தும் சபை இக்கொடுமையைத் தணிக்கவே தோன்றியது. எனினும் ஆலைக்காரரின் பிடி அகலவில்லை.

2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது. நவம்பரில் தடை நீங்கியபோதிலும், அப்பெரும்போகத்தின் விளைச்சல் நாடெங்கும் கடுமையாக வீழ்ந்தது. தன் வயலில் எதை இடுவது என்பதும் கமக்காரனின் கையில் இல்லை என்பதை அவ்வாண்டு காட்டிற்று.

போடியாரின் களவெட்டிக்கு மீள வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. கமக்காரருக்குச் சொந்தமான கூட்டுறவுக் களஞ்சியமும், வட்டியில் மூழ்கடிக்காத கடனும் வேண்டும் என்கிறோம். காத்திருந்து விற்கும் வல்லமை பெற்றவனே சந்தையில் சுதந்திரமாக நிற்பான். வகுப்பறையில் இவ்விரு வேளாண்மைகளையும் விளக்கும் ஆசிரியர்கள், நெல்லின் விலையை யார் குறிக்கிறார் என்னும் கேள்வியையும் மாணவர்முன் வைப்பார்களாக.