ஆறு வருட வீசாவும் ஆறு தொகுதி வரலாறும்

பல்கலைக்கழகத்தில் படிப்பிக்க வெளிநாட்டிலிருந்து வருபவருக்குக் கொடுக்கும் தற்காலிக வேலை வீசா என்றதும் நம்மவர்களுக்கு அமெரிக்காதான் ஞாபகம் வரும். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய பீடங்கள் வந்த பிறகு, எங்கட பூநகரிப் பக்கத்துப் பிள்ளைகளும் 'எச்-1பி' பற்றிப் பேசுகிறார்கள். ஆனால் இது நமக்குப் புதிய கதையல்ல. இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாற்றின் மிகப் பெரிய நூலே கடல் கடந்துபோய் உத்தியோகம் பார்த்த ஓர் இலங்கை முஸ்லிமால் உருவானது. அந்தக் கோணத்தில் இதை யாரும் பெரிதாகப் பார்க்கவில்லை என்பதால்தான் எழுதுகிறேன்.

முன்பு ஆலிம்களுக்குக் காகிதம் தேவைப்படவில்லை. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் 19ஆம் நூற்றாண்டில் இலங்கைக்கு வந்து வந்து போனார்கள். 1884இல் தோன்றிய வெலிகம பாரி மத்ரஸாவின் தோற்றம் அவர்களோடு சேர்த்தே பேசப்படுகிறது. 'எத்தனை மாதம் தங்குவீங்க?' என்று துறைமுகத்தில் கேட்க அன்று ஆளில்லை. மறுதிசையிலும் அப்படித்தான். காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியரானார். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகத் திரும்பினார். இரண்டு கரையும் ஒரே முடியின் கீழ் இருந்தன. ஆனாலும் இந்தச் சுதந்திரம் எல்லாருக்கும் கிடைத்ததல்ல. தோட்டத்துக்கு வந்த தொழிலாளி மண்டபம் முகாமில் நிறுத்தப்பட்டு, சோதிக்கப்பட்டுத்தான் கப்பல் ஏறினான். படித்தவனுக்கு ஒரு வழி, கூலிக்காரனுக்கு வேறு வழி என்ற வித்தியாசம் வீசா வருமுன்பே இருந்தது.

1948 எல்லாவற்றையும் மாற்றியது. அந்த ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டமும் 20ஆம் இலக்கக் குடிவரவு குடியகல்வுச் சட்டமும் கடலின் நடுவே கோடு போட்டன. தலைமுறையாக இங்கே கடை வைத்திருந்த இந்திய முஸ்லிம்கள், நாம் 'சம்மாங்காரர்' என்று சொல்லுகிறோமே, அவர்கள் தற்காலிக வதிவிட அனுமதிப் பத்திரத்தோடு வாழ வேண்டியவர்களானார்கள். 'டி.ஆர்.பி.' என்ற மூன்று எழுத்து அந்தக் குடும்பங்களின் தூக்கத்தைக் கெடுத்தது.

இந்தப் பின்னணியில்தான் பேராசிரியர் ம.மு. உவைஸைப் பார்க்க வேண்டும். பாணந்துறை ஹேனமுல்லையில் 1922இல் பிறந்தவர். சிங்களம் சூழ்ந்த ஊர். மார்ட்டின் விக்கிரமசிங்கவின் 'கம்பெரலிய'வைக் 'கிராமப் பிறழ்வு' என்று தமிழாக்கியவரும் அவரே. தமிழ் இலக்கியத்துக்கு முஸ்லிம்களின் பங்களிப்பை இலங்கைப் பல்கலைக்கழகத்தில் முதுமாணிக்கு ஆராய்ந்து, 1953இல் ஆங்கிலத்தில் நூலாக்கினார். 1979இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்துக்கென ஓர் இருக்கை அமைத்தபோது, அதில் பேராசிரியராக அமர்ந்தது இந்த இலங்கையர்தான்.

தமிழ்நாட்டில் முஸ்லிம் புலவர்கள் இல்லாமலா அவரை அழைத்தார்கள்? சீறாப்புராணம் பாடப்பட்ட மண் அது. ஆனால் முழுப் பரப்பையும் பல்கலைக்கழக முறைப்படி ஆராய்ந்தவர் கடலுக்கு இந்தப் பக்கம் இருந்தார். துறைக்கு ஆள் வேண்டும். ஆள் வேறு நாட்டவர். அன்றிருந்த 1946ஆம் ஆண்டு வெளிநாட்டவர் சட்டப்படி இந்தியக் குடியுரிமை இல்லாத எவரும் வெளிநாட்டவர்தான். உமறுப் புலவரைக் கரைத்துக் குடித்தவருக்கும் சலுகை கிடையாது.

பீ.மு. அஜ்மல்கானோடு சேர்ந்து அவர் எழுதிய 'இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாறு' ஆறு தொகுதிகளாக விரிந்தது. முதல் தொகுதி வெளிவந்தது 1986இல். கணக்குப் பாருங்கள்: இருக்கையில் அமர்ந்து ஏழு வருடம். இன்றைய அமெரிக்க எச்-1பி வீசாவின் பொதுவான உச்ச எல்லை ஆறு வருடம். அந்த அளவுகோலை மதுரையில் வைத்திருந்தால் முதல் தொகுதி அச்சேறுமுன் ஆசிரியர் மூட்டை கட்டியிருப்பார். வருடத்துக்கு 65,000, அமெரிக்காவில் முதுமாணி முடித்தோருக்கு மேலும் 20,000 என்ற எண்ணிக்கை வரம்பிலிருந்து பல்கலைக்கழகங்களுக்கு விலக்கு உண்டு. கால எல்லையிலிருந்து இல்லை. ஏலவே வதிவிடத்துக்கு விண்ணப்பித்திருந்தால்தான் நீடிப்புக்கு வழி. வேலை போனால் 60 நாள் அவகாசம். இந்தியா வேறு மாதிரி அளந்தது: வேலை வீசாவுக்கு வருடம் 25,000 அமெரிக்க டொலர் சம்பளம் வேண்டும் என்று விதி வைத்து, மொழியாசிரியருக்கும் தத்தம் நாட்டுச் சமையற்காரருக்கும் விலக்குக் கொடுத்தது. நாக்கின் இரண்டு வேலையும் ஒரே பட்டியலில்!

உவைஸ் மதுரையில் இருந்த காலத்தில்தான் 1983 வந்தது. பழைய மண்டபம் முகாம் ஈழத்து அகதிகளால் நிறைந்தது. அதே மாநிலத்தில் ஓர் இலங்கையருக்குப் பேராசிரியர் இருக்கை, ஆயிரக்கணக்கானோருக்குப் பங்கீட்டு அட்டை. மனிதரின் தரத்தைக் காகிதம்தான் தீர்மானித்தது.

சொந்த நாட்டிலும் அதைக் கண்டோம். வன்னியை விட்டு வெளியேற 'பாஸ்' கேட்கப்பட்ட காலம் ஒன்று இருந்தது. 1990 ஒக்டோபரில் நாச்சிக்குடா உட்பட வட மாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, நானும் வாப்பாவின் கையைப் பிடித்துப் புத்தளம் போன பிள்ளைதான். பிரஜாவுரிமை கையிலிருந்தும் ஊரில் இருக்க அனுமதி இல்லாதவர்களானோம். அதனால் 'தற்காலிகம்' என்ற சொல்லின் பாரம் எங்களுக்குத் தெரியும். வருடா வருடம் புதுப்பிக்க வேண்டிய வாழ்க்கையில் மரமும் நட ஏலாது, பெரிய புத்தகமும் தொடங்க ஏலாது.

2019 ஏப்ரல் 21 தாக்குதலுக்குப் பிறகு 600க்கு மேற்பட்ட வெளிநாட்டவர் நாட்டிலிருந்து அனுப்பப்பட்டதாகவும், அவர்களில் சுமார் 200 பேர் இஸ்லாமிய போதகர்கள் என்றும் அன்றைய உள்நாட்டலுவல்கள் அமைச்சர் அறிவித்தார். வீசா முடிந்தும் தங்கியிருந்தது குற்றம்தான். அதை மழுப்பத் தேவையில்லை. ஆனால் இதிலிருந்து நம் நிறுவனங்கள் கற்க வேண்டியது ஒன்று உண்டு. வெளியிலிருந்து உஸ்தாதை அழைப்பவர், முறையான வதிவிட வீசாவையும் எழுத்திலான நியமனத்தையும் பல வருடத் திட்டத்தையும் சேர்த்தே தயாரிக்க வேண்டும். உவைஸுக்கு மதுரை கொடுத்தது சம்பளம் மட்டுமல்ல, ஒரு துறையும் கூட உழைக்க ஒரு சகாவும் ஆற அமர வேலை செய்யக் காலமும்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். டி.ஆர்.பி. பத்திரம், மத்ரஸா நியமனக் கடிதம், தலைமன்னார்க் கப்பல் டிக்கெட் என்று மூத்தவர்களின் பெட்டிகளில் எது கிடந்தாலும் எறிந்துவிடாதீர்கள். எங்கட பக்கத்தில் 1990இல் அப்படிப்பட்ட பெட்டிகளே மிஞ்சவில்லை. மிஞ்சிய ஊர்களிலாவது படியெடுத்து வையுங்கள். கடல் கடந்து வந்து நமக்கு ஓதிக் கொடுத்தவர்களின் வரலாற்றை அவற்றிலிருந்துதான் எழுத வேண்டியிருக்கிறது.