அமெரிக்கப் பாலங்களின் முதுமை

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட சாலைப் பாலங்கள் உள்ளன. அந்நாட்டுக் கட்டுமானப் பொறியாளர் கழகம் 2021ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையின்படி, இவற்றில் 42 விழுக்காட்டுப் பாலங்கள் கட்டி முடிக்கப்பட்டு 50 ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆனவை. 46,154 பாலங்கள், அதாவது நூற்றுக்கு ஏழரை, நலிந்த நிலையில் இருந்தன. நலிந்த இப்பாலங்களின் மீது மட்டும் நாள்தோறும் 17.8 கோடிப் பயணங்கள் நடந்தன.

செல்வம் மிகுந்த ஒரு நாட்டில் இந்நிலை ஏன் வந்தது என்ற கேள்வி எழுவது இயல்பு. பாலங்களின் வயது மட்டும் இதற்குக் காரணம் இல்லை. முதலில் பாலங்களை முறையாகப் பார்வையிட ஏற்பாடு இல்லாமல் இருந்தது. பின்னர்ப் பார்வையிட்டுக் குறைகளை எழுதிவைக்கும் முறை வந்தது. எழுதிவைத்த குறைகளைக் காலத்தில் சரிசெய்வது மட்டும் இன்றுவரை முழுமையாகக் கைகூடவில்லை.

பாலங்கள் பெருகிய காலம்

19ஆம் நூற்றாண்டில் இருப்புப்பாதைகள் பரவியபோது அமெரிக்காவில் பெரிய பாலங்கள் எழுந்தன. செயின்ட் லூயிஸ் நகரில் மிசிசிப்பி ஆற்றின் மீது 1874இல் திறக்கப்பட்ட ஈட்ஸ் பாலம், எஃகைப் பெருமளவில் பயன்படுத்திய முன்னோடிப் பாலமாகும். நியூயார்க் நகரின் புரூக்ளின் பாலம் 1883இல் திறக்கப்பட்டது. மோட்டார் வாகனங்கள் பெருகிய பின் ஜார்ஜ் வாஷிங்டன் பாலம் 1931இலும், சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலம் 1937இலும் திறக்கப்பட்டன.

எண்ணிக்கையில் மிகப் பெரிய வளர்ச்சி அதற்குப் பின்னரே ஏற்பட்டது. குடியரசுத் தலைவர் ஐசனோவர் காலத்தில், 1956இல் நெடுஞ்சாலைச் சட்டம் நிறைவேறியது. சுமார் 41,000 மைல் நீளத்துக்கு மாநிலங்களை இணைக்கும் விரைவுச் சாலைகளை அமைப்பது அதன் நோக்கம். செலவில் 90 விழுக்காட்டை நடுவண் அரசே ஏற்றது. ஆறு, இருப்புப்பாதை, குறுக்குச் சாலை என ஒவ்வொன்றையும் கடக்கப் பாலம் தேவைப்பட்டது. இவ்வாறு கட்டப்பட்டவற்றுள் பெரும்பாலானவை ஏறத்தாழ 50 ஆண்டுக் காலப் பயன்பாட்டைக் கருதி வடிவமைக்கப்பட்டவை. ஒரே ஆண்டில் பணியில் சேர்ந்தவர்கள் ஏறத்தாழ ஒரே ஆண்டில் ஓய்வு பெறுவதுபோல, ஒரே காலத்தில் கட்டப்பட்ட இப்பாலங்களும் ஒரே காலத்தில் முதுமையடைந்தன.

வயது மட்டும் ஒரு பாலத்தை வீழ்த்துவதில்லை. 1883இல் திறந்த புரூக்ளின் பாலம் பலமுறை பழுதுபார்க்கப்பட்டு இன்றும் பயன்பாட்டில் உள்ளது. அதே ஆற்றின் மீது 1903இல் திறந்த வில்லியம்ஸ்பர்க் பாலமோ, நெடுங்காலப் புறக்கணிப்பால் துருப்பிடித்து, 1988இல் சில வாரங்கள் போக்குவரத்துக்கே மூடப்பட்டது. புரூக்ளின் பாலத்தைவிட இது இருபது ஆண்டு இளையது.

வெள்ளிப் பாலம்

மேற்கு வர்ஜீனியாவின் பாயின்ட் பிளசன்ட் ஊரையும் ஒஹையோ மாநிலத்தையும் இணைத்த தொங்கு பாலம் 1928இல் கட்டப்பட்டது. அலுமினிய நிறப் பூச்சு பூசப்பட்டிருந்ததால் மக்கள் அதை வெள்ளிப் பாலம் என்று அழைத்தனர். பெரும்பாலான தொங்கு பாலங்களில் கம்பி வடங்கள் எடையைத் தாங்கும். இப்பாலத்தில் அவற்றுக்குப் பதிலாக, இரு முனைகளிலும் துளையுள்ள நீண்ட எஃகுப் பட்டைகளை முளைகளால் கோத்த சங்கிலி இருந்தது. சங்கிலியின் ஒவ்வொரு கண்ணிக்கும் இரண்டு பட்டைகள் மட்டுமே இருந்தன. ஒன்று முறிந்தால் மற்றொன்றால் தனியே தாங்க இயலாது.

1967 டிசம்பர் 15ஆம் நாள் மாலை, கிறிஸ்துமஸ் காலப் போக்குவரத்து நெரிசலின்போது அத்தகைய பட்டை ஒன்று முறிந்தது. பாலம் முழுவதும் ஒஹையோ ஆற்றில் சரிந்தது. 46 பேர் உயிரிழந்தனர். பட்டையின் துளைக்கு உட்புறத்தில் ஏறத்தாழ இரண்டரை மில்லிமீட்டர் ஆழமே இருந்த ஒரு விரிசல்தான் முறிவுக்குக் காரணம் என்று பின்னர்க் கண்டறியப்பட்டது. இணைப்பைப் பிரித்தாலன்றி அந்த விரிசல் கண்ணுக்குத் தெரியாது. பாலம் கட்டப்பட்ட காலத்தில் ஓடியவற்றைவிட மிகுந்த எடையுள்ள வாகனங்கள் அதன் மீது பல ஆண்டுகள் சென்றிருந்தன.

அதுவரை அமெரிக்காவில் பாலங்களை ஆய்வுசெய்ய நாடு முழுவதற்கும் பொதுவான விதி ஏதும் இல்லை. இவ்விபத்துக்குப் பின் 1968இல் சட்டம் வந்தது. 1971இல் தேசியப் பால ஆய்வு விதிமுறைகள் நடைமுறைக்கு வந்தன. பொதுவாக இரண்டாண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு பாலத்தையும் பயிற்சி பெற்றவர்கள் பார்வையிட வேண்டும். தளம், மேற்கட்டுமானம், கீழ்க்கட்டுமானம் ஆகியவற்றுக்குப் பூச்சியம் முதல் ஒன்பது வரை மதிப்பெண் வழங்க வேண்டும். இவற்றுள் ஏதேனும் ஒன்று நான்கோ அதற்குக் குறைவாகவோ பெற்றால் பாலம் நலிந்தது எனப்படும். நலிந்தது என்பதற்கு உடனே விழும் என்று பொருளில்லை. கவனமும் செலவும் உடனடியாகத் தேவை என்பதே பொருள்.

ஒவ்வொரு விபத்தும் ஒரு பாடம்

ஆய்வு தொடங்கிய பின்னும் பாலங்கள் விழுந்தன. கனெடிகட் மாநிலத்தில் மயானஸ் ஆற்றுப் பாலத்தின் ஒரு பகுதி 1983 ஜூன் மாதம் நள்ளிரவுக்குப் பின் கீழே விழுந்து மூவர் இறந்தனர். சாலையைப் புதுப்பித்தபோது பாலத்தின் மழைநீர் வடிகால்கள் மூடப்பட்டுவிட்டன. வழிந்த நீரால் துரு திரண்டு, பாலத்தைத் தாங்கிய எஃகுத் தொங்குபட்டையை அதன் முளையிலிருந்து தள்ளிவிட்டது. 1987 ஏப்ரலில் நியூயார்க் மாநிலத்தின் ஸ்கோஹரி ஓடைப் பாலம், வெள்ளம் தூணின் அடிமண்ணை அரித்ததால் இடிந்து 10 பேர் இறந்தனர். இதன் பின்னர் நீருக்கடியில் உள்ள அடித்தளங்களை ஆராய்வது வலியுறுத்தப்பட்டது.

2007 ஆகஸ்ட் 1ஆம் நாள் மாலை, மினியாபொலிஸ் நகரில் மிசிசிப்பி ஆற்றின் மீதிருந்த விரைவுச் சாலைப் பாலம் சரிந்தது. 13 பேர் இறந்தனர். 145 பேர் காயமடைந்தனர். 1967இல் திறக்கப்பட்ட இப்பாலம் 1991 முதலே நலிந்த பாலங்களின் பட்டியலில் இருந்தது. ஆயினும் வீழ்ச்சிக்கு மூலகாரணம் துரு அன்று. சட்டங்களை இணைக்கும் தகடுகள் தேவையான கனத்தில் ஏறத்தாழப் பாதியளவே இருந்தன. அது வடிவமைப்பின்போதே நேர்ந்த பிழை. நாற்பது ஆண்டுகளில் பாலத்தின் மீது கூடுதல் தளமும் தடுப்புச் சுவர்களும் ஏறியிருந்தன. விபத்தன்று பழுதுபார்க்கும் பணிக்கான பொருள்களும் அங்கே குவிக்கப்பட்டிருந்தன. 2003இல் எடுத்த நிழற்படங்களிலேயே சில தகடுகள் வளைந்திருந்தது பின்னர்த் தெரியவந்தது.

தெரிந்தும் விழுந்த பாலம்

பிட்ஸ்பர்க் நகரின் ஃபெர்ன் ஹாலோ பாலம் 1970களில் கட்டப்பட்டது. பூச்சு தேவைப்படாத தனிவகை எஃகு அதில் பயன்பட்டது. இவ்வகை எஃகின் மேற்பரப்பில் படியும் மெல்லிய துருவே உள்ளிருக்கும் எஃகுக்குக் கவசமாகும். ஆனால் எஃகு அவ்வப்போது நன்கு காய்ந்தால்தான் அக்கவசம் உருவாகும். பாலத்தின் வடிகால்கள் குப்பையால் அடைபட்டதால், குளிர்காலத்தில் பனியை உருக்கத் தூவும் உப்பு கலந்த நீர் பாலத்தின் கால்களில் தேங்கியது. கால்கள் அரிக்கப்பட்டு ஓட்டைகள் விழுந்தன.

ஆய்வாளர்கள் இதைக் காணாமல் இல்லை. வடிகால்களைத் துப்புரவு செய்யுமாறும் கால்களைச் சீர்செய்யுமாறும் ஆண்டுதோறும் எழுதினர். 2011 முதல் பாலம் நலிந்தது என்றே மதிப்பிடப்பட்டது. பரிந்துரைகள் நிறைவேறவில்லை. 2022 ஜனவரி 28ஆம் நாள் காலை, பேருந்து ஒன்றும் சில கார்களும் மேலே இருந்த நிலையில் பாலம் பள்ளத்தில் விழுந்தது. சிலர் காயமடைந்தனர், நல்வாய்ப்பாக ஒருவரும் உயிரிழக்கவில்லை. அன்றுதான் குடியரசுத் தலைவர் பைடன் கட்டமைப்பு மேம்பாடு பற்றிப் பேச அந்நகருக்கு வரவிருந்தார்.

வெள்ளிப் பாலத்தின் விரிசலை ஒருவரும் காணவில்லை. ஃபெர்ன் ஹாலோவின் துருவைப் பலரும் கண்டனர். வடிகாலைத் துப்புரவு செய்யும் எளிய பணி நடைபெறாததுதான் அதன் கேட்டுக்குத் தொடக்கம்.

மாற்றுப் பாலங்கள்

புதிய பாலத்தை விரைந்து கட்டும் திறன் அமெரிக்காவுக்கு உண்டு. மினியாபொலிஸின் மாற்றுப் பாலம் 2008 செப்டம்பரில், 14 மாதங்களுக்குள் திறக்கப்பட்டது. அதன் கான்கிரீட்டில் 300க்கும் மேற்பட்ட உணர்கருவிகள் பொருத்தப்பட்டன. ஃபெர்ன் ஹாலோவின் புதிய பாலம் விழுந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே பயன்பாட்டுக்கு வந்தது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மெட்ஃபர்டு நகரில், 2011 கோடையில் 14 பாலங்களின் மேற்பகுதிகள் பத்தே வார இறுதிகளில் மாற்றப்பட்டன. முன்கூட்டியே வார்த்த பாகங்களைக் கொண்டுவந்து பொருத்தியதால் இது இயன்றது.

விபத்து நேராத இடங்களில் வேலை இவ்வளவு விரைவாக நடப்பதில்லை. 1989 நிலநடுக்கத்தில் சான் பிரான்சிஸ்கோ-ஓக்லண்ட் பாலத்தின் மேல்தளத்தில் ஒரு பகுதி விழுந்தது. சேதம் ஒரு மாதத்தில் சரிசெய்யப்பட்டது. ஆனால் நிலநடுக்கத்தைத் தாங்கும் புதிய கிழக்குப் பகுதி 2013இல்தான் திறக்கப்பட்டது.

பணமும் ஒரு காரணம். பெட்ரோல் ஒரு கேலனுக்கு நடுவண் அரசு வசூலிக்கும் 18.4 சென்ட் வரி 1993க்குப் பின் உயரவில்லை. அதற்குள் விலைவாசி பெரிதும் ஏறிவிட்டது. 2021 நவம்பரில் நிறைவேறிய கட்டமைப்புச் சட்டம் பாலங்களுக்கென ஏறத்தாழ 4,000 கோடி டாலரை ஒதுக்கியது. ஆனால் அதே ஆண்டு, நிலுவையிலுள்ள பழுதுகளைச் சரிசெய்ய 12,500 கோடி டாலர் தேவை என்று பொறியாளர் கழகம் மதிப்பிட்டிருந்தது.

புதுப் பாலத்தின் திறப்பு விழாவுக்கு மக்கள் கூடுகிறார்கள். அடைபட்ட வடிகாலைத் தூர்வாரும் தொழிலாளியைப் பார்க்க ஒருவரும் கூடுவதில்லை. ஆனால் திறப்பு விழா கண்ட பாலத்தை நூறாண்டு நிற்கவைப்பது அந்தத் தொழிலாளியின் வேலையே. இதை அமெரிக்கா பல விபத்துகளில் உயிர்களை விலையாகக் கொடுத்துக் கற்றுவருகிறது.